சவியே கேட்ட வாள்

என்னய ஏன்டி திட்டுற, மார்கெரித்? சுவத்துல மாட்ட பட்டாளத்து வாள் வேணும்னு கேட்டது உன் தம்பி சவியேதானே! முட்டிவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல அவன் பொண்ணு மாரிலின்தான் எழுதுறா.

இங்க பிரான்சுல கையால அடிச்ச வாள, பில்லு போட்டு முறையாத்தான் அனுப்புனேன். வாங்குறவரு பட்டாளத்துல இருந்தவருன்னும் பார்சல் பாரத்துல எழுதுனேன். அங்க கஸ்டம்ஸ்ல வாளப் புடிச்சு வச்சுக்கிட்டு அதுக்குச் சான்றிதழ் கேட்டா காட்டவேண்டியதுதானே, ஏன் இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துருக்கான்? காரைக்கால் பூரா போர்க்கதை விட்டவன், இங்க ஓட்டல்லதான்டி உருளைக்கிழங்கு உரிச்சான். பக்கத்துல உக்காந்து உரிச்சவன் நான்!

இனிமே என் கையெழுத்து. மாரிலின் பேனாவப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளும் அப்பன் சொன்னத நம்பியிருக்கா. ஞாயித்துக்கிழமை சோறு கொண்டாந்து என்கூட உக்காந்து சாப்புடுறது அவ ஒருத்திதான்.

கருவாடு அனுப்புனா ஒரு ஆளுக்கு அனுப்பு, போதும்.