மிளகுப் பாயில் காய்ந்த பலா மிட்டாய்

காலையில் உங்கள் மகள் செல்வி வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "உறை அச்சடிச்சு வந்துருச்சுங்க சார். பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க" என்றாள். உள்ளே வரச் சொன்னேன். பஸ் வந்துவிடும் என்று போய்விட்டாள். அவள் முகத்தை வைத்து எதையும் ஊகிக்க முடியவில்லை. அதில் அவள் உங்களைப் போல இல்லை.

பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். முன்பக்கம் ஒரு பலாப்பழத்தின் படம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உறையை நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த வாடை கசிகிறது. பழுத்து வெடித்து ஈ மொய்த்த பலாவும், அடிப்பிடித்த வெல்லமும் சேர்ந்த வாடை. ஜன்னல் ஓரம் நகர்த்தினேன். செய்தித்தாளைப் போட்டு மூடினேன். இப்போது காகிதத்துக்கு அடியில் ஏதோ செத்துக் கிடப்பது போல இருக்கிறது.

அதைத் திருப்புவதற்கு முன் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வரிசையாகவே எழுதுகிறேன். "வாத்தியாரு தும்முனாக்கூட ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையாத்தான் தும்முவாரு" என்று கேலி செய்வீர்களே, அந்தப் பழக்கம் போகவில்லை.

நான் சமவெளிக்காரன். இங்கே ஆசிரியராக மாற்றலாகி வந்த நாளிலிருந்து பலா வாடை எனக்கு ஆகாது. பருவத்தில் பஸ்ஸுக்குள் இருபது பழங்களோடு வளைவு வளைவாக ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. பலா விளைகிற மலையில் பிழைத்துக்கொண்டு பலா நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? அதிலும் உங்களிடம். சோளக்காடு பஸ் நிறுத்தத்தின் நிழற்குடையில், வாரத்தில் மூன்று நாளாவது, உங்கள் மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதானே நமக்குப் பழக்கமே ஏற்பட்டது.

அந்த நிழற்குடையில்தான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். ஒரு பஸ் வந்து நின்றிருந்தது. ஜன்னல்களுக்குக் கீழே தகரமெல்லாம் வாந்தி வழிந்து காய்ந்திருந்தது. இறங்கியவர்கள் எல்லோர் வாயிலும் ஆரஞ்சு மிட்டாய்.

"பாருங்க வாத்தியாரே, மிட்டாயும் சப்புறாங்க, கக்கவும் கக்குறாங்க. எங்கியோ செஞ்ச மிட்டாய். நம்ம பலா மரத்தடியில அழுகிக் கெடக்குது. பலாவுல ஒரு மிட்டாய் போட்டா என்னங்க?"

கேட்டதுமே வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயோ, "செஞ்சு பாக்கலாமேங்க" என்றது.

அடுத்த வாரமே வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்தீர்கள். பிரித்தபோது இலையோடு பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. கருமையும் பழுப்புமாக, நக்கிவிட்டு வைத்தது போல ஒரு ஈரப் பளபளப்பு. அடிப்பக்கத்தில் கோரைப் பாயின் தடம் பதிந்திருந்தது. நடுநடுவே மிளகு. நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போட்டுக்கொண்டேன். முதலில் புளித்த பலாவின் வாடை மூக்கின் பின்புறமாக ஏறியது. பிறகு கரிந்த வெல்லத்தின் கசப்பு. பிறகு ஒரு மிளகு உடைந்தது. கடைசியாக, பல்லிடுக்கில் பாயின் நார் ஒன்று. கண்ணில் நீர் வந்துவிட்டது. "பஸ் வருதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து நிழற்குடைக்குப் பின்னால் போய் அப்படியே துப்பினேன். நாக்கைக் கைக்குட்டையால் துடைத்தேன். அப்புறமும் போகவில்லை.

திரும்பி வந்ததும், "எப்படிங்க?" என்றீர்கள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்பவனுக்கு ஒரு சொல் போதாது. "அதுலயும் அந்த மிளகு போட்டது நல்ல யோசனைங்க."

"மிளகா?" ஒரு கணம் விழித்தீர்கள். பிறகு, "ஆமாங்க. மிளகு. மிளகுதான்" என்றீர்கள்.

நீங்கள் மிளகு போடவே இல்லை என்பதை அடுத்த வருடம் நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். மிளகு காயவைத்த பாயை உதறாமல் அதன்மேலேயே பாகைக் கொட்டிக் காயவைத்துவிட்டீர்கள். "வாத்தியாரே நல்லாருக்குன்னுட்டாரு, அப்புறம் எப்படிங்க எடுக்கறது? இப்ப இடிச்சே போடறேன்." உங்கள் தவறை நீங்கள் ஒளிக்கவில்லை. என் தவறைச் சொல்ல எனக்கும் அதுதான் நேரம். நான் உங்களோடு சேர்ந்து சிரித்தேன், அவ்வளவுதான்.

மிட்டாய்களின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தது அதன் பிறகுதான். குற்றவுணர்வை நான் இப்படித்தான் கையாளுவேன், ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறித்தேன். படிக்கப் படிக்க அருவருப்புத்தான் கூடியது. மிட்டாயின் பளபளப்புக்குப் பூசுவது அரக்கு, அதாவது ஒரு பூச்சி கிளையில் கசிய விடுவது. சிவப்பு நிறத்துக்குப் பல காலம் பயன்பட்டது கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் பூச்சியைக் காயவைத்து இடித்த தூள். சீரகத்தின் மேலும் விதைகளின் மேலும் சர்க்கரை பூசும் வித்தையை வளர்த்தவர்களில் மருந்து விற்றவர்கள் உண்டு, கசப்பை மறைப்பதற்காக. தேன் மிட்டாயில் தேன் கிடையாது. பஞ்சு மிட்டாய் இயந்திரத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பல் மருத்துவர். நம் மலையின் மரவள்ளி லாரியில் இறங்கி ஆலைக்குப் போய், மாவாகி, பாகாகி, யாரோ ஒருவர் செய்யும் மிட்டாயில் கலந்து திரும்ப இதே மலைக்கு ஏறி வருகிறது. அந்த ஆலைகளின் கழிவுநீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும்.

ஒவ்வொன்றாக உங்களுக்குப் படித்துக் காட்டுவேன். பல் மருத்துவர் கதைக்கு நீங்கள் தொடையில் தட்டிச் சிரித்தீர்கள். "பல்லுப் புடுங்கறவனே மிட்டாயும் போடறானா! கெட்டிக்காரனுங்க." பூச்சிக் கதைக்கு மட்டும் முகம் சுளித்தீர்கள். "அப்ப நம்முளுது எவ்வளவோ தேவலைங்க. நார் மட்டுந்தான்." பிறகு தவறாமல் கேட்பீர்கள்: "நம்ம மிட்டாயை எழுதிட்டீங்களா?"

"எழுதணுங்க" என்பேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தலைப்பு மட்டும் எழுதி வைத்திருந்தேன். உள்ளதை எழுதினால் துப்பியதையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால், ஊரார் மிட்டாய்க் கதைகளையெல்லாம் சலித்து எடுத்த நான் என் கதையில் கலப்படம் செய்தவன் ஆவேன். பக்கம் காலியாகவே இருந்தது. ஒவ்வொரு பலாப் பருவத்திலும் புதுப் பக்குவத்தில் ஒரு மிட்டாய் கொண்டுவந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் பஸ் பார்க்கப் போனேன்.

போன வருடம் கால் வலி. எழுந்து பின்னால் நடக்க முடியவில்லை. இருமுவது போலக் கைக்குட்டையை வாயில் வைத்து, அதற்குள் உமிழ்ந்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இந்தத் தடவை பிரமாதங்க" என்றேன். நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுபோகும் வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். அதுதான் நீங்கள் எனக்குத் தந்த கடைசி மிட்டாய்.

இனி இந்த மாதம் நடந்தது.

உங்கள் மிட்டாயைச் செல்வி சோளக்காட்டில் விற்கிறாள். சுற்றுலா வருகிறவர்கள் வாங்குகிறார்கள். எனக்கு எவ்வளவு யோசித்தும் புரியாத ஒன்று அது. சப்புக்கொட்டிக்கொண்டு தின்கிறார்கள். கீழே பல கடைகள் வைத்திருக்கும் ஒரு வியாபாரி அதைப் பெரிதாக எடுத்துச் செய்யலாம் என்று வந்தார். உறையில் போடும் கதையை அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். எழுத்துப் பிழை பார்க்கச் செல்வி என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்தாள்.

படித்தேன். பழங்கால மன்னர்கள் போருக்குப் போகுமுன் சுவைத்த மிட்டாயாம். சித்தர்கள் குகையில் அருளிய செய்முறையாம். ஆயிரம் ஆண்டாக மாறாத பக்குவமாம். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. அந்த வழவழப்பே எனக்கு மிட்டாயைவிடக் குமட்டியது. அதில் உங்கள் பெயர் எங்குமே இல்லை. ஆயிரம் ஆண்டுப் பழசு என்றால், செய்தவர் என்று ஒருவர் இருக்க முடியாதல்லவா.

"இது... இவங்கப்பா செஞ்சதுங்க" என்றேன்.

வியாபாரி பொறுமையாகச் சிரித்தார். "தெரியுமுங்க ஐயா. ஆனா ஒரு விவசாயி போன வருசம் வரைக்கும் செஞ்சாருன்னு போட்டா எவன் வாங்குவான்? கதை இல்லாம மிட்டாய் விக்காதுங்க. நீங்க படிச்சவரு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 'சரிபார்த்தவர்'னு உங்க பேரு போட்டா ஒரு கனம் இருக்கும்." பேனாவை நீட்டினார்.

செல்வி என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்தக் கதையும் பிடிக்கவில்லை, வந்த வாய்ப்பை விடவும் மனமில்லை. நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், மூடியையும் கழற்றிவிட்டேன். கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எண்ணெய் தடவிய கையோடு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்த உங்கள் மனைவி அங்கிருந்தே பேசினார்கள். "ஏனுங்க வாத்தியாரே, சரிபாக்கறதுன்னா எல்லாத்தையுஞ் சரிபாருங்க. நெழக்கொடைக்குப் பின்னால துப்புனீங்களே, அதையும் எழுதிப்போடுங்க."

நான் பேனாவைக் கீழே இறக்கினேன்.

"அம்மா!" என்றாள் செல்வி.

"என்ன அம்மா? உங்கப்பா செவுத்து ஓட்டை வழியாப் பாத்துப்போட்டுத்தான ஊட்டுக்கு வந்தாரு. 'வாத்தியாரு துப்பிட்டு வந்து நல்லாருக்குங்கறாரு. எம் மனசு நோவக்கூடாதுன்னு பொய் சொல்றாரு. அந்தப் பொய்ய நெசமாக்கிப் போடோணும்'னாரு. வருசா வருசம் பக்குவத்த மாத்துனது அதுக்குத்தான். வாத்தியாரு பஸ் ஏறுனதும் பின்னால போயிப் பாக்கறது, வந்து, 'இந்த வருசமுந் துப்பிட்டாரு'ன்னு சொல்லிச் சிரிக்கறது." சுளையிலிருந்து ஒரு கொட்டையைப் பிதுக்கி எறிந்தார்கள். "போன வருசந்தான் தேடிப் பாத்துட்டு வந்து, 'துப்பலீடி, முழுங்கிட்டாரு'ன்னு குதிச்சாரு. இனிமே இந்தப் பக்குவத்த மாத்தாதேன்னாரு. இப்ப விக்கறது அதுதானுங்க."

வியாபாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதைப் போட்டா மிட்டாயைத் தொடக்கூட மாட்டாங்க" என்றார். நான் பேனாவை மூடி அவரிடமே கொடுத்தேன். "சரிபார்த்தேங்க. சரியில்லீங்க" என்றேன். என் வாழ்நாளில் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

அன்று மாலையே நோட்டின் கடைசிப் பக்கத்தை நிரப்பினேன். சிறிய உறையில் கொள்ளும்படி நான்கே வாக்கியங்கள். அதைக் கிழித்துச் செல்வியிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். "யோசிக்கறேனுங்க சார்" என்றாள். இரண்டு வாரமாக ஒரு பேச்சும் இல்லை. இன்று காலை இந்தப் பொட்டலம். பின்பக்கம் மன்னரும் சித்தரும் இருக்கிறார்களா, நீங்கள் இருக்கிறீர்களா என்று தெரியாமல்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கைக்குட்டையைப் பற்றி உங்கள் மனைவியிடம் நான் சொல்லவில்லை. சுளையைப் பிதுக்கிக்கொண்டு அவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்னவர்களிடம் எப்படிச் சொல்வேன்? மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மிட்டாய் உருகி, துணியில் ஊறி, நூலோடு நூலாக இறுகிவிட்டது. ஓரத்தில் பூஞ்சை. திறந்தாலே வாடை அடிக்கிறது. துவைக்கவும் மனம் வரவில்லை, எறியவும் வரவில்லை. மிளகு என்னுடைய ஒரு பொய்யில் வந்தது. பக்குவம் என்னுடைய இன்னொரு பொய்யில் நின்றுவிட்டது. நான் நோட்டில் குறித்த அரக்கையும் பூச்சித் தூளையும்விட அருவருப்பானது இதுதான்.

இதோ, திருப்பிவிட்டேன்.

நீங்கள் இருக்கிறீர்கள். முதல் வரியிலேயே உங்கள் பெயர், கீழே உங்கள் ஊராக வாழவந்தி நாடு. மன்னர் இல்லை, சித்தர் இல்லை. நான் எழுதிய நான்கு வாக்கியங்களையும் செல்வி ஒரு சொல் மாற்றாமல் போட்டிருக்கிறாள்:

'மரத்தடியில் பலா அழுகுவது பொறுக்காமல் இவர் இந்த மிட்டாயைச் செய்தார். மிளகு காய்ந்த பாயை உதறாமல் அதில் காயவைத்தார். முதலில் தின்றவர் துப்பிவிட்டார். அவருக்காக ஒவ்வொரு வருடமும் பக்குவத்தை மாற்றினார்.'

அதன் கீழே ஐந்தாவதாக ஒரு வரி. அது என்னுடையது அல்ல. செல்வியே சேர்த்திருக்கிறாள்: 'கடைசியில் அவரும் துப்பாமல் விழுங்கினார்.'

அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். மற்ற நான்கும் உண்மை. அது மட்டும் பொய் என்று அறிந்தவன் நான் ஒருவன்தான். சிவப்பு மைப் பேனாவை எடுத்து அடிக்கத்தான் கை போனது. அத்தனை உறைகளும் அச்சாகிவிட்டன. அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் உங்கள் மனைவிக்கும் தெரிந்துவிடும்.

உறையைப் பிரித்தேன். ஒரு மிட்டாயை எடுத்தேன். விரலில் ஒட்டியது. வாயில் போட்டுக்கொண்டு கதவைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். அதே பலா. அதே மிளகு. நார் மட்டும் இல்லை. கண்ணில் நீர் வந்தது, இரண்டு முறை தொண்டை எதிர்த்தது. மெதுவாக மென்றேன். விழுங்கினேன். தண்ணீர் குடிக்கவில்லை.

அந்த வரி இப்போது உண்மை. நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், வெகு தாமதமாக. கைக்குட்டை இழுப்பறையில் அப்படியே இருக்கும், நான் இருக்கும்வரை.

ஒவ்வொரு பருவத்திலும் "எப்படிங்க?" என்று கேட்டு என் முகத்தையே பார்ப்பீர்களே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நல்லா இல்லீங்க.