இரட்டைச் சொண்டுக்காரியைப் பற்றி ஒரு சேதி

இன்று காலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓலைப்பெட்டி நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் அந்த வாசம் வகுப்பு முழுக்கப் பரவியது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் மூக்கை நிமிர்த்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோக்குத் தூள் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். நீ போன பிறகு வருகிற இரண்டாவது பாலைப்பழக் காலம் இது. போன தடவை ஒரு பழம்கூட வாயில் வைக்கவில்லை. இன்று வைத்தேன். பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. "உன்ட வாயைப் பூட்ட இதை விட்டா வேற வழி இல்லகா" என்பாயே, அதை நினைத்துத் தனியே சிரித்தேன்.

வாய் பூட்டிக் கிடப்பதால் எழுதுகிறேன். உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஏறாவூர்ச் சந்தையில் காசிம் காக்காவைக் கண்டேன். ஆற்றோரத்தில் மரம் அரிந்த கூட்டத்துக்குத் தலைவராக இருந்தாரே, அவரேதான். அவர் சொன்னதை அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. இப்போதும் எடுத்த எடுப்பில் சொல்லமாட்டேன். "முறையாச் சொல்லு, நடுவுக்குள்ள பாயாத" என்று எத்தனை தரம் என்னைத் திருத்தியிருப்பாய். முறையாகவே சொல்லப் போகிறேன். நீ குறுக்கே பேசாதே.

இந்தப் பைத்தியம் உனக்கு எப்படிப் பிடித்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பறங்கித் தெருவில் உன் பப்பாவின் தச்சுப் பட்டறைக்கு ஒரு நாள் பெரிய மரக்குற்றி வந்து இறங்கியது. அதன் ஒரு பக்கத்தில் பொந்து. பொந்தின் வாய் மண் பூசி அடைபட்டிருந்தது. நடுவில் ஒரு கீறல் மட்டும் திறப்பு. பப்பா உளியால் தட்டித் திறந்தபோது உள்ளே ஒரு பெரிய பறவையின் எலும்பும் கறுப்பு வெள்ளைச் சிறகுகளும் கிடந்தன. இரட்டைச் சொண்டுக் குருவி என்று வண்டிக்காரர் சொன்னாராம். சொண்டுக்கு மேலே இன்னொரு சொண்டு வைத்தது போல இருப்பதால் அந்தப் பெயர். முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ளும், ஆண் வெளியே நின்று அந்தக் கீறலால் பழம் ஊட்டும், குஞ்சு பறக்கும் பருவம் வரை அவள் வெளியே வரமாட்டாள் என்று நீ விசாரித்து அறிந்தாய். பட்டறையில் கிடந்தவள் மரத்தோடு சேர்த்து வெட்டப்பட்டவள். அன்று உனக்குச் சோறு இறங்கவில்லை என்று பப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெயில்கால விடுமுறைக்கும் கரடியனாற்றுப் பயணம். "எத்தனை கதவு மிச்சம் இருக்கெண்டு பாக்கணும்கா. இல்லாமப் போன பிறகு தேடி என்ன பிரயோசனம்?" என்றாய். யார் கேட்டார்கள்? எந்தத் துரையும் கேட்கவில்லை. யாரும் சம்பளம் தரவில்லை. சித்திரமும் தையலும் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் தானாகப் போய்க் காட்டில் கதவு எண்ணினாள். கூட இழுபட்டுப் போனவள் ஆரையம்பதிக்காரி நான். கடலைக் கண்டு வளர்ந்தவளுக்குக் காட்டில் என்ன வேலை? உண்ணி கடித்து இடுப்பெல்லாம் தடிப்பு. யானை என்றால் எனக்கு ஈரக்குலை நடுங்கும். ஆனாலும் என் அண்ணன் அங்கே வட்டையில் வயல் செய்ததால் அவர் வீடுதான் நமக்குத் தங்குமிடம், நான் வராமல் உன்னை எப்படி அனுப்புவது? மச்சாள் நம்மைக் காணும்போதெல்லாம் கேட்பா: "குருவிக்கெல்லாம் கலியாணம் முடிஞ்சி குஞ்சும் பொரிச்சிட்டு. ரீச்சர்மாருக்கு எப்ப?" நான் எரிந்து விழுவேன். நீயோ, "மச்சாள், அவ்வளவு நாள் உள்ள பூட்டிக்கிடக்க என்னால ஏலா" என்று சொல்லிச் சிரிப்பாய்.

உன் வேலை முறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். பழம் பழுத்த மரத்தடியில் அசையாமல் இருப்பாய். ஆண்குருவி பழம் எடுத்துப் பறக்கிற திசையைப் பார்த்து அந்த வழியே நடந்து போய் மறுபடி இருப்பாய். அதன் சிறகுச் சத்தம் தூரத்திலேயே கேட்குமே, அதைக் காதால் பிடித்துக்கொண்டு போவாய். கொட்டையும் எச்சமும் குவிந்து கிடக்கிற மரத்தடி வந்தால் மேலே கதவு இருக்கும். வேரில் பள்ளிக்கூடச் சோக்கால் ஒரு கோடு. அவ்வளவுதான். நெருங்கிப் போய்த் தொல்லை கொடுக்கக்கூடாது என்பது உன் சட்டம். ஊகத்துக்கு உன் கணக்கில் இடமே இல்லை. "இந்த மரத்திலயும் இருக்கும், எழுது" என்று நான் களைப்பில் சொன்னால், "கண்ணால கண்டியா?" என்பாய். எனக்கு உன்னைத் தள்ளிவிட வேண்டும் போல இருக்கும். வருஷா வருஷம் கோடுகள் குறைந்துகொண்டே போயின. பெரிய மரம் போனால் பெரிய பொந்து போய்விடும், பொந்து போனால் குருவியும் போய்விடும் என்று நீ சொன்னதை அண்ணன்கூட நம்பத் தொடங்கியிருந்தார்.

மரம் அரிகிற கூட்டம் வந்து இறங்கிய அந்த வருஷம், ஆற்றங்கரையில் நின்ற பெரிய மருதமரத்துக் கதவுக்கு எதிரே காலையிலிருந்து காத்திருந்தோம். ஆண் வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. வரவில்லை. உள்ளே இருந்தவள் குரல் கொடுக்கத் தொடங்கினாள். சொண்டின் நுனி கீறலுக்கு வெளியே நீட்டி நீட்டி உள்ளே போயிற்று. நீ எழுந்து, வாள் சத்தம் வந்த பக்கம் நடந்தாய். மரம் அரிகிறவர்களின் கொட்டிலுக்கு முன்னால் சாம்பலும் கறுப்பு வெள்ளைச் சிறகுகளும் கிடந்தன. கூரை வரிச்சியில் அந்த இரட்டைச் சொண்டு காயப் போட்டிருந்தது. "நேத்துச் சுட்டது. வாதத்துக்கு நல்லமாம், ஆணம் காய்ச்சின" என்றான் சமையல்காரன்.

நான் கத்தத் தொடங்கிவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நீ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் காசிம் காக்காவிடம் போனாய்.

"காக்கா, நீங்க சாப்பிட்டது ஆம்பிள. பொம்பிள உள்ள இருக்கா, குஞ்சும் இருக்கு. அவன்தான் சாப்பாடு குடுத்தவன்."

"உள்ளயெண்டா? எங்க உள்ள?"

"பொந்துக்குள்ள. கதவடைச்சி."

"ஆரு அடைச்ச?"

"அவதான். குஞ்சு வளருமட்டும் வெளிய வரமாட்டா."

அவர் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "எங்கட ராத்தாவும் இப்ப ஊட்டுக்குள்ளதான் இரிக்கா. மச்சான் மௌத்தாகி ரெண்டு மாசம். இத்தா" என்றார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்காமல் இருக்கும் அந்த முறையை அவர் சொல்லித்தான் நான் முழுதாக அறிந்தேன். அந்த நாட்களில் அவளுக்கு வேண்டியதைக் கூடப்பிறந்தவன்தான் கொண்டுபோய்க் கொடுப்பான் என்றார். பிறகு கொட்டிலில் இருந்தவர்களைப் பார்த்து, "அல்லாஹ்வே, என்ன வேல பாத்து வெச்சிரிக்கம்" என்று தலையில் கைவைத்தார்.

அன்று பின்னேரமே அவர்களிடம் கம்பு வாங்கி நீ ஏணி கட்டினாய். தச்சன் மகள் கட்டிய ஏணி, ஆட்டம் இல்லை. நீளக் கழியின் நுனியைப் பிளந்து அதில் பழத்தைச் செருகிக் கீறலுக்கு நேரே நீட்டினாய். அவள் கழியைக் கொத்தினாள், பழத்தைத் தொடவில்லை. இருட்டும்வரை நின்றாய். உன் கால் நடுங்குவது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. மறுநாளும் அப்படித்தான். "ஒரு குருவிக்காக நீ விழுந்து செத்துப்போனா உன்ட பப்பாவுக்கு நான் என்னத்தச் சொல்லுற?" என்று கீழே நின்று ஏசினேன். அந்த நேரம் பார்த்துக் கழியில் ஒரு இழுவை. பழம் உள்ளே போய்விட்டது! நீ மேலே இருந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் போல ஒன்றை நான் எந்த மணமகள் முகத்திலும் கண்டதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

பழம் மட்டும் போதாது, குஞ்சுக்குப் பூச்சியும் ஓணானும் வேண்டும் என்றாய். கணக்கு ரீச்சர் நான் புல்லுக்குள் பாய்ந்து தத்துவெட்டி பிடித்தேன். வாள்காரர்கள் ஓணான் பிடித்துத் தந்தார்கள். விடுமுறை முடிகிற நாள் நெருங்க நெருங்க உன் முகம் சுண்டிக்கொண்டு வந்தது. இன்னும் சில கிழமை அவள் உள்ளே இருக்கவேண்டும். "லீவு கேட்டுப் பாப்பம்" என்றாய். "குருவிக்குச் சாப்பாடு குடுக்க லீவு எண்டு கேட்டா ரெண்டு பேரையும் அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடுவா" என்றேன். நம் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற காசிம் காக்கா சொன்னார்: "நீங்க போங்க ரீச்சர். ராத்தாவுக்குக் குடுக்கிற கைதானே, இவவுக்கும் குடுக்கும்." நீ சும்மா விட்டாயா? அவரை ஏணியில் ஏற்றி, கழியைக் கையில் கொடுத்து, அவர் சரியாக ஊட்டுகிறாரா என்று பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறினாய். பாவம் அந்த மனிதர், பரீட்சைக்கு நின்ற பிள்ளை போல வியர்த்துப்போனார்.

அடுத்த சனிக்கிழமையே திரும்பிப் போக நினைத்தோம். எனக்குக் காட்டுக் காய்ச்சல் வந்து தொலைத்தது. பள்ளிக்கூட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நீ என் கட்டிலடியில் இருந்தாய். நான் எழுந்து நடமாடிய பிறகு போய்ப் பார்த்தபோது கொட்டில் இல்லை. மரம் ஏற்றிக்கொண்டு கூட்டம் வேறு காட்டுக்குப் போய்விட்டது. ஏணி மட்டும் மருதமரத்தில் சாத்தியபடி நின்றது. கதவு உடைந்து, காய்ந்த மண் துண்டுகள் அடியில் கிடந்தன. பொந்து வெறுமை.

"பறந்திட்டா!" என்று நான் கைதட்டினேன். நீ அந்த மண் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தாய். அவள் கொத்தி உடைத்ததா, மரநாய் பிறாண்டியதா, மனிதக் கை பட்டதா என்று சொல்ல முடியவில்லை என்றாய். "பறந்திட்டா எண்டு எழுதன்கா, ஆர் வந்து கேக்கப்போறான்?" என்றேன். "நான் காணல்லயே" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் வீடு வரும்வரை உன்னோடு பேசவில்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அன்று வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தபோதும் என் மனம் உன்னைத்தான் மெச்சிக்கொண்டு இருந்தது. நம்ப ஆசைப்பட்டதை நம்பாமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று உன் முகத்தில் கண்டேன்.

அந்தப் பாரத்தை நீ இறக்கவே இல்லை. மரம் ஏற்றி வருகிற வண்டிக்காரர் ஒருவர் விடாமல் காசிம் காக்காவை விசாரித்தாய். மகியங்கனைப் பக்கம் போய்விட்டார் என்றார் ஒருவர், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வருஷங்கள் ஓடின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதுகூடக் கேட்டாய்: "அவ வெளிய வந்திருப்பாளாகா?" "வந்திருப்பா" என்றேன். "உனக்கெப்பிடித் தெரியும்?" என்றாய். சாகக் கிடக்கிற நேரத்திலும் இவளோடு ஒரு வழக்கா என்று வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

சரி, சேதி இதுதான். சந்தையில் காசிம் காக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்து, முதலில் உன்னைத்தான் கேட்டார். சொன்னேன். கண்ணை மூடி ஓதினார். பிறகு நான் கேட்க முன்னரே சொன்னார்: "அவ போயிட்டா ரீச்சர், குஞ்சோட."

"கண்ணால கண்டீங்களா காக்கா?"

"என்ட ரெண்டு கண்ணாலயும். காலையில பழத்தோட ஏறினன். உள்ளயிருந்து மண்ணக் கொத்துறா. நான் இறங்கி ஓடிப்போய் வாள நிப்பாட்டச் சொல்லிட்டன். அண்டைக்கு வேலையே இல்ல, எல்லாரும் பாத்துக்கிட்டு இரிக்கம். அவ வெளிய வந்து கொப்பில இருந்தா. சிறகெல்லாம் புதுசு. குஞ்சு எட்டிப் பாக்குது, உள்ள போகுது, எட்டிப் பாக்குது. மறுகா பொத்தெண்டு புல்லில விழுந்திட்டு. எங்களுக்கு உசிரு போயிட்டு! அவ இறங்கி வந்து பக்கத்தில நிண்டா. பின்னேரம், அசர் தொழுகைக்குக் கிட்ட ரெண்டும் ஆத்தக் கடந்து பறந்திச்சி."

"ஏன் காக்கா ஒரு ஆளிட்டயாவது சொல்லி அனுப்பல்ல?" என்று கேட்டேன்.

"நானே வந்த ரீச்சர்" என்றார். "மரம் இறக்க டவுணுக்கு வந்த அண்டு, உங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்த. அவ படிப்பிச்சிக்கிட்டு இரிக்கா எண்டு வாசல்காரர் சொல்லிட்டார். என்ன விசயமெண்டு கேட்டார். குருவி விசயம் எண்டன். சிரிச்சி, போகச் சொல்லிட்டார். பொம்புளப் புள்ளயள் படிக்கிற இடம், நான் என்னத்தச் சொல்ல? ரோட்டுக்கு அங்கால கொஞ்சம் நிண்டுட்டுப் போயிட்டன்."

மறுநாள் வாசல்காரரோடு சண்டைக்குப் போனேன். அவருக்கு அப்படி ஒரு ஆள் வந்த நினைவே இல்லை. நீ உள்ளே பிள்ளைகளுக்குப் பூ வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருப்பாய். உன் சேதி தெருவில் நின்று வெயில் காய்ந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. இதை என்னால் பொறுக்க முடியவில்லை, பொறுக்கவும் போவதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வகுப்பு நடக்கும்போது வாசலில் யாராவது நின்று உள்ளே பார்த்தால் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் போகிறேன். விறகு கொண்டுவந்தவராக இருப்பார், வழி தவறிய மீன்காரராக இருப்பார். தலைமை ஆசிரியை முகம் சுளிக்கிறா. சுளிக்கட்டும். யார் கண்டது, குருவி விசயமாக இருந்தாலும் இருக்கும்.