சைக்கிள் தட்டுக்கு வைத்த பொட்டு

2007 செப்டம்பர் 2, ஞாயிறு

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மகன் கிருஷ்ணராஜ். அவன் பெண்சாதி ஜீவராணி. பேத்தி சுகந்தினி. ஜீவராணியின் தம்பி சதீஸ், கொழும்பிலிருந்து வந்தவன். நிவித்திகல டவுனில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பாறூக் பாஸ். வாசலில் செவலை மாடு. வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது நானும் இருந்தேன், நான்தான் யோசனை சொன்னேன் என்று வந்தால் அது பொய்.

சதீஸ் பையிலிருந்து எடுத்து வைத்தது ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தட்டு, அதைக் கடித்துப் பிடிக்கிற கவ்வி ஒன்று, ஒரு கேபிள். அவனுக்கு கொழும்பில் சைக்கிள் கடையில் வேலை. புது சைக்கிள்களுக்கு இப்போது ரிம்மில் கட்டை பிடிப்பதில்லையாம். சக்கரத்தின் நடுவில் இந்தத் தட்டைப் பூட்டி, அதைத்தான் பிடிக்கிறார்களாம். மழையில் ரிம் நனைந்தாலும் இது வழுக்காதாம்.

வரும் வழியில் இரத்தினபுரியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். தட்டையும் கேபிளையும் தூக்கிப் பார்த்து, "மேக்க மொக்கத மல்லி?", இது என்ன தம்பி என்று சிங்களத்தில் கேட்டானாம் துப்பாக்கிக்காரன். பைசிக்கல் பிரேக் என்று இவன் சொல்ல, நம்பாமல் மழையில் நிற்க வைத்திருக்கிறான். "பிரேக் கொண்டாந்தவனயே பிரேக் போட்டுட்டானுங்க" என்று சொல்லிச் சிரிக்கிறான் இவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிருஷ்ணராஜ் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் மாட்டுப்பாலைச் சேர்த்து, சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கேன் கட்டி, மதகு இறக்கத்தில் மெயின் ரோட்டுக்குக் கொண்டு போகிறான். மழை பெய்தால் பிரேக் கட்டை சவர்க்காரம் மாதிரி வழுக்கும். போன வருசம் பாண் ரொட்டி கொண்டு வருகிற ஹுஸைன் அந்த மதகில்தான் போனார். பாண் எல்லாம் ஆற்றில் மிதந்தது, அதை நான் பார்த்தேன். இந்த வைகாசியில் இவன் அதே இடத்தில் சைக்கிளை விட்டுக் குதித்தான். அன்றிலிருந்து அவன் போய் வருகிற வரைக்கும் எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்குவதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது என்ன பிரச்சினை என்றால், நம் சைக்கிள் சக்கரத்தின் நடு ஹப்பில் தட்டைப் பூட்ட இடமில்லை.

"இது பழைய ஹப் மச்சான். தட்டோட ஆணி போறதுக்கு இதுல ஓட்டையே கெடையாது."

"அப்ப என்னாத்துக்குக் கொண்டாந்த? சொவத்துல மாட்டவா?" என்றான் கிருஷ்ணராஜ்.

பாறூக் பாஸ் ஹப்பைத் தட்டிப் பார்த்தார். "இரும்பு தானே. ஒரு வளையம் வெட்டி இதோட ஒட்டுவம். அந்த வளையத்துல தொளை போட்டு தட்டப் பூட்டுவம். ஓட்டை இல்லாட்டி உண்டாக்குறது தானே."

சதீஸ் முன் சக்கரம் என்றான். கிருஷ்ணராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "கேன் ரெண்டும் பின்னால தொங்குது. முன்னால புடிச்சா பாலுக்கு முன்னாடி நான் ஆத்துக்குப் போயிருவேன்." பின் சக்கரம் என்று முடிவானது.

தட்டு பாயில் கிடந்தது. என்னதான் என்று கையில் எடுத்தேன். உடனே சதீஸ் சொல்கிறான், "அத்த, அதத் தொடாதீங்க. கை படக்கூடாது."

என் வீட்டில், என் பாயில் கிடக்கிற பொருளை நான் தொடக்கூடாதாம். இவன் யார்? என் புருசன் அழகமுத்துவின் கருமாதிச் சாப்பாட்டில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பே இல்லை என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னவன். சின்னப்பிள்ளை சொன்னது என்று அன்றைக்கு எல்லாரும் விட்டுவிட்டார்கள். உப்பு போட்டது நான். நான் விடவில்லை.

செப்டம்பர் 9

சக்கரத்தைக் கழற்றிக் கம்பி எல்லாம் பிரித்து, ஹப்பை மட்டும் டவுனுக்குக் கொண்டு போனார்கள். ஒட்டிக்கொண்டு வந்து, மறுபடி கம்பி கோத்து, தட்டைப் பூட்டிச் சுற்றினார்கள். கோணல். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, குடிகாரன் நடக்கிற மாதிரி சுற்றுகிறது. கவ்வியில் பட்டுப் பட்டு 'கிறீச்' என்று கத்தியதில் மாடு கயிற்றை இழுத்தது.

"வளையம் நடுவுல ஒக்காரல" என்றான் சதீஸ்.

"ஒன் கண்ணு எங்க ஒக்காந்துச்சு?" என்றேன் நான்.

ஜீவராணி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். தம்பியைச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

நாளைக்கு பழைய கட்டை பிரேக்கோடு, பக்கத்து லயத்துச் சைக்கிளில் போகிறான். மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 16

ஒட்டியதை அறுத்து எடுத்துவிட்டார்கள். இந்த முறை அவசரமில்லை. பால்மா டின் தகரத்தைக் கீறி, ஹப்பைச் சுற்றி வைத்து, வளையம் ஆடாமல் நடுவில் நிற்கும்படி இறுக்கி, அப்புறம்தான் ஒட்டினார்கள். முதலில் நாலு இடத்தில் பொட்டுப் பொட்டாக, ஆறின பிறகு மீதி. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணியை நட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். ஆணிக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்த சந்து கூடவுமில்லை, குறையவுமில்லை. கவ்வியைப் பிடிக்க சைக்கிள் சட்டத்தில் ஒரு இரும்புத் துண்டை ஒட்டினார் பாறூக் பாஸ்.

சதீஸ் என் பக்கம் திரும்பி, "பாருங்க அத்த, இப்ப குடிகாரன் தெளிஞ்சிட்டான்" என்றான்.

நான் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் அவன் பார்க்கும்போது இல்லை.

செப்டம்பர் 23

இன்று இறக்கத்தில் விட்டுப் பார்த்தார்கள். கேனில் பாலுக்குப் பதில் தண்ணீர். நான் முன்னாலேயே போய் மதகில் நின்றுகொண்டேன். வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். விழுவதாக இருந்தால் என் கண் முன்னால் விழட்டும், அடுத்தவர் வாயால் கேட்க முடியாது.

மேலே வளைவில் கிருஷ்ணராஜின் தலை தெரிந்தது. கேன் இரண்டும் குலுங்கியது. சைக்கிள் வருகிற வேகத்தைப் பார்த்து என் கால் தானாகப் பின்னால் போனது. கல்லில் முட்டி நின்றேன். பிடிடா, பிடி, பிடி என்று வாய்க்குள்ளே -

பிடித்தான். சத்தமே இல்லாமல் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"என்னாம்மா, நீங்கதான் பிரேக் மாதிரி நிக்கிறீங்க" என்றான்.

ஒட்டிய துண்டு கொஞ்சம் வளைந்திருந்தது. இன்னொரு கம்பி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்று பாறூக் பாஸ் கொண்டு போனார்.

அக்டோபர் 7

நல்ல மழை. அவன் போகும்போதே தண்ணீர் குடித்தேன்.

அக்டோபர் 20, சனி. ஆயுத பூசை

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அருவாள், என் பழைய கொழுந்துக் கூடை, சுகந்தினியின் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் சைக்கிள். இந்த வருசம் அதற்குத்தான் முதல் மரியாதை. ஜீவராணி காலையிலேயே கழுவி, கத்திகளுக்கும் சைக்கிள் செயினுக்கும் தேங்காய் எண்ணெய் தடவினாள். தட்டு மட்டும் வறண்டு கிடந்தது. என் மகன் உயிரைப் பிடித்து நிறுத்துகிற பொருள், அதை மட்டும் விடுவதா? அதுக்கும் நல்லாத் தடவு என்றேன். தடவினாள். முகம் பார்க்கிற மாதிரி ஆனது. சந்தனமும் குங்குமமும் என் கையால் வைத்தேன். தொடாதே என்றவன் இன்று என் வீட்டில்தான் இருந்தான். அவன் பார்க்கத்தான் வைத்தேன்.

பார்த்தான். கொஞ்சம் கழித்து கிருஷ்ணராஜைக் கூட்டிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போனான். இரண்டு பேரும் என்னவோ பேசினார்கள். சதீஸ் கையை ஆட்டி ஆட்டிப் பேச, இவன் தலையை ஆட்டினான். நான் போய்க் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

கடலை நன்றாக வெந்திருந்தது. உப்பும் சரியாக இருந்தது.

அக்டோபர் 21

இரத்தினபுரி பெரியாஸ்பத்திரி. உயிர் இருக்கிறது.

அக்டோபர் 23

நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு காலை பால் ஏற்றிக்கொண்டு போனான். மழைகூட இல்லை. இறக்கத்தில் பிரேக்கை இறுக்கியிருக்கிறான், தட்டு பிடிக்கவில்லை. முன் பிரேக்கை இறுக்கியும் அந்தப் பழைய கட்டை கேன் பாரத்துக்குக் கேட்கவில்லை. மதகுக்குப் போனால் ஆறு. அதற்கு முன்னாலேயே மேட்டுப் பக்கத் தண்ணீர்க் கானில் சைக்கிளைத் திருப்பி மோதியிருக்கிறான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஒரு கேன் அவன் மேலேயே கிடந்ததாம். பால் கான் வழியாக மதகு வரைக்கும் வெள்ளையாக ஓடியதைப் பார்த்துத்தான் கொழுந்து லொறிக்காரன் இறங்கி வந்திருக்கிறான்.

சைக்கிளைத் தூக்க வந்த பாறூக் பாஸ் தட்டில் விரலை வைத்து, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"தேங்காண்ண. யாரு இதுல எண்ண பூசின?"

விரலைத் துடைத்தார்.

"எண்ண பட்டா இது புடிக்காது. சொட்டு பட்டாலும் புடிக்காது. அதுக்குத்தானே கை படப்படாதுன்னு சொல்ற."

வார்டில், நாலு கட்டில் சனம் பார்க்க, சதீஸைக் கேட்டேன். "தொடாதீங்கன்னு சொல்ல ஒனக்கு வாய் வந்துச்சு. எண்ண படக்கூடாதுன்னு சொல்ல வாய் வரல. பொட்டு வச்சத நீ பாத்த. பாத்துக்கிட்டே கடல தின்ன. ஏண்டா சொல்லல? நான் ஒன்னய மதிக்கலன்னு எம்மவன கொல்லப் பாத்தியா?"

அவன் கட்டிலைப் பார்த்தான். கட்டிலில் கிருஷ்ணராஜ் கண்ணை மூடிக்கொண்டான். வலி என்று நினைத்தேன்.

அக்டோபர் 26

சதீஸ். இந்தப் பிறவியில் மன்னிப்பு இல்லை. உப்புக்கும் சேர்த்து.

நவம்பர் 4

கிருஷ்ணராஜை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. காம்பராவில் கட்டில் போக மீதி இடமில்லை.

சதீஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு இங்கேயே இருக்கிறான். பால் வேலையை அவன்தான் பார்க்கிறான். தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிரேக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கட்டை கொண்டு வந்து மாற்றியிருக்கிறான். காலையில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன். அவனுக்கு ஊற்றவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜீவராணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருசமாக என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"எந்தம்பி சொன்னான் அத்த."

"என்னாத்த சொன்னான்?"

"தட்டக் கழுவிட்டுப் போங்க மச்சான், இது புடிக்காதுன்னு அன்னிக்கே சொன்னான். தொழுவத்துல வச்சு. நானே கழுவிர்றேன்னும் சொன்னான். உங்க மகன்தான் வேணாம்னுட்டாரு. அம்மா கையால வச்ச பொட்டு, அழிச்சா சாகுற வரைக்கும் மனசுல வச்சிருப்பாங்க, ரெண்டு நாள் போகட்டும், மெதுவாப் போய்க்கிறேன்னு சொன்னாரு. அத ஆஸ்பத்திரியில சொல்லக்கூடாதுன்னு எந்தம்பிக்கிட்ட சத்தியமும் வாங்கிட்டாரு. அத்தனை சனத்துக்கு முன்னால நீங்க ஏசுனத அவன் நின்னு வாங்குனான்."

சதீஸ், "அக்கா, விடு" என்றான். வெளியே போய்விட்டான்.

பொய்யாக இருக்கும். தம்பிக்காகச் சொல்கிறாள்.

பொய் இல்லை. தொழுவத்துப் பக்கம் இவன் தலையை ஆட்டினது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு எதுதான் நினைவில்லை?

நவம்பர் 5

அவனிடமே கேட்டேன். கஞ்சி கொடுக்கும்போது.

"பொட்ட அழிச்சிருந்தா நான் என்னாடா சொல்லியிருப்பேன்?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டீங்கம்மா."

"அப்பறம்?"

"நெனச்சுக்கிட்டே இருப்பீங்க."

கஞ்சிக் கரண்டி என் கையிலேயே இருந்தது. வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான், கோழிக்குஞ்சு மாதிரி. நாற்பது வயசு. ஆற்றுக்கு நேராக இறங்கும்போதுகூட அவன் ஆற்றுக்குப் பயப்படவில்லை. எனக்குப் பயந்திருக்கிறான். நான் என்ன பேயா? மதகில் நின்று பிடிடா பிடிடா என்று செத்தவள் யார்? அவனுக்கு அது தெரியாதா - தெரியாது. நான் சொல்லவில்லை.

ஊட்டினேன்.

நவம்பர் 8, தீபாவளி

மழை விட்டு விட்டுப் பெய்தது. காலையில் சைக்கிளை வாசலுக்கு எடுத்தார்கள். சுகந்தினி பழக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "தட்டுக்கு வேணாம்" என்றேன். "அப்ப எங்க அப்பாயி?" என்றாள். ஹேண்டிலில் வைக்கச் சொன்னேன். சதீஸ் குனிந்து செயினைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. தேத்தண்ணீரை அவன் பக்கத்தில் கல்லில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சீனி போட்டிருந்தேன். குடித்தான். சரியாக இருக்கிறதா என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவன் இறக்கத்தில் போனதும் நான் மதகுக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருகிற சத்தம் கேட்டது. கேன் வெறுமையாகத்தான் ஆடியது.

எண்ணெய் தடவியவளை மன்னித்துவிட்டேன், நான் சொல்லித்தான் தடவினாள். சத்தியத்தைக் காப்பாற்றி ஏச்சு வாங்கியவனை மன்னித்தேன், உப்பையும் விட்டுவிட்டேன். ஒருவனை மட்டும் முடியாது. பெற்ற தாய் ஒரு பொட்டுக்காக மகனை வெறுப்பாள் என்று நம்பி இறக்கத்தில் இறங்கினவன். இதோ பக்கத்தில் வாயைத் திறந்து தூங்குகிறான், போர்வை விலகிக் கிடக்கிறது, எழுதி முடித்துவிட்டு இழுத்துவிட வேண்டும்.

கிருஷ்ணராஜ்.