வெளியேறச் சொல்லி வோட்டுப் போட்டவனுக்கு

மச்சான்,

நேற்று இல்ஃபோர்டிலை சாமான் வாங்கப் போனன். ட்ரொலிப் பூட்டுக்குள்ளை போட ஒரு பவுண் குத்தி தேடிப் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டால் வந்தது ஒரு யூரோ. போன வருசம் பாரிஸ் கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டு. சும்மா வைச்சுப் பாப்பம் எண்டு ஓட்டைக்குள்ளை தள்ளினன், ட்ரொலி கழண்டு வந்திட்டுது. பவுணோ யூரோவோ, அதுக்கு ஒரு கவலையும் இல்லை. "பாத்தியோ, உன்ரை இங்கிலாந்து ட்ரொலி யூரோவிலை சேந்திட்டுது" எண்டு உன்னட்டைச் சொல்லத் திரும்பினன். பக்கத்திலை ஒரு வெள்ளைக்கார மனுசிதான் நிண்டா. அவவுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்.

நீ இருந்திருந்தா உப்புக் கதையைத் தொடங்கியிருப்பாய். நான் எட்டாம் வகுப்போடை நிண்டவன். யூரோவைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உன்ரை உப்புத்தான். கிரீஸிலை சனம் பாங்குக்கு முன்னாலை வரிசையிலை நிண்ட நேரம், கோயில் அன்னதானத்திலை சோத்தைக் குழைச்சுக்கொண்டு சொன்னனி: "அவ்வளவு வீட்டுக்கும் ஒரு சட்டியிலை கறி வைச்சா ஒரே உப்புத்தான். ஜேர்மன்காரனுக்கு அது அளவாக் கிடக்கும். கிரீஸ்காரனுக்குப் பிரஷர் ஏறும். முந்தியெண்டா தன்ரை காசின்ரை பெறுமதியை இறக்கி, சாமானை மலிவா வித்து நிமிந்திருப்பான். இப்ப அவனுக்குத் தன்ரை சட்டி இல்லையேடா."

நான் விட்டனோ? "உன்ரை சட்டியை விடு. நான் ஜேர்மனியிலையிருந்து பிரான்சுக்கு லொறியிலை வெங்காய மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சு வந்தவன். பேந்து பிரெஞ்சுப் பாஸ்போட் எடுத்து அதே போடரைக் காரிலை கடக்கேக்கை ஒருத்தனும் மறிக்கேல்லை. எங்கை பிரான்ஸ் முடிஞ்சதெண்டே தெரியேல்லை. அங்காலை போய் அதே காசிலை தேத்தண்ணி குடிச்சன். அதுக்குள்ளை உப்பைப் போட்டுக் குடுத்தாலும் குடிச்சிருப்பன்." நீ சிரிச்சுப் புரைக்கேறி, ரசம் மூக்காலை வந்தது.

பேந்து, இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறுறதோ எண்ட அந்த வோட்டு வந்தது. நீ பிரிட்டிஷ்காரன், உனக்கு வோட்டு இருந்தது. பாரிஸை விட்டு லண்டனுக்கு வந்தும் நான் பிரெஞ்சுக்காரன்தான், எனக்கு இல்லை. முடிவு வந்த அண்டைக்கு எதுக்குப் போட்டனி எண்டு கேட்டன்.

"வெளியேறத்தான்" எண்டாய், ஏதோ மீன் வாங்கினதைச் சொல்லுற மாதிரி.

"அப்ப என்னையும் வெளியாலை விடத்தானே?"

"உன்னை ஆரடா சொன்னது? நான் அந்தச் சட்டியைச் சொன்னன்."

"இங்கிலாந்து அந்தச் சட்டியிலை ஒருநாளும் கை வைக்கேல்லையே, விசரா. பவுணைத்தானே வைச்சிருந்தது."

அதோடை ரெண்டு பேரும் கதைக்கிறதை விட்டம். கோயிலிலை நீ பிள்ளையாரிட்டை நிண்டா நான் முருகனிட்டைப் போவன்.

ஐரோப்பாக்காரர் தொடர்ந்து இருக்கவேணுமெண்டா விண்ணப்பிக்கவேணும் எண்டு அறிவிச்சினம். நான் வீம்புக்கு விண்ணப்பிக்காமல் இருந்தன். மகளோடையும் பேரப்பிள்ளையளோடையும் குட்மேய்ஸ் வீட்டிலை காலத்தை முடிக்கலாமோ, இல்லாட்டி இந்த வயசிலை பாரிஸிலை தனி அறை தேடுறதோ எண்டது அதிலைதான் தொங்கினது. முடியிற திகதிக்கு ஒரு மாசம் இருக்கேக்கை நீ வந்து கதவைத் தட்டினனி. "போனுக்கு முன்னாலை இரு, விண்ணப்பத்துக்கு அது உன்ரை முகத்தைப் படம் எடுக்கும். நக்கல் முகத்தைக் கழட்டி வை, மெஷின் பிழை சொல்லும்."

பிழைதான் சொன்னது. என்ரை வேலை அது. பாரிஸிலை பாஸ்போட்டுப் படிவம் நிரப்பேக்கை, ஊரிலை முதலெழுத்தை முன்னாலை போடுற பழக்கத்திலை, என்ரை பேருக்கான பெட்டிக்குள்ளை அப்பாவின்ரை பேரை எழுதிப்போட்டன். பாஸ்போட்டிலை நான் என்ரை அப்பா. லண்டனிலை வேலை, டொக்டர், கவுன்சில் எல்லாத்திலையும் நான் நான்தான். இத்தனை வருசம் இஞ்சை இருந்தது ஆரெண்டு மெஷினுக்கு விளங்கேல்லை. "செத்த மனுசனுக்கு விசா கேக்கிற முதல் ஆள் நீதான்" எண்டனி.

அந்த ஏலாத முழங்காலோடை மூண்டு கிழமை என்னோடை திரிஞ்சனி. நான் வேலை செய்த பேக்கரி, டொக்டர், கவுன்சில். ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு கடிதம் வாங்கித்தந்தனி. "இவர் ரெண்டு ஆளா இருந்தா நாங்கள் ஊரை விட்டே ஓடியிருப்பம்" எண்டு பேக்கரி முதலாளிக்குச் சொன்னதையும் நான் மறக்கேல்லை. வோட்டைப் பற்றி நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. இருக்கலாம் எண்டு மறுமொழி வந்த அண்டைக்கு, "இனி என்னை நக்கலடிக்க உனக்குச் சட்டப்படி உரிமை இருக்கு" எண்டிட்டுப் போனனி. அடுத்த மாரிக்கு நீ இல்லை.

எனக்கு இந்தப் போன் வேலையள் ஓடாது எண்டு உன்ரை நம்பரைத்தான் விண்ணப்பத்திலை குடுத்தனி. நான் இஞ்சை இருக்கலாம் எண்டு ஆருக்காவது காட்டவேணுமெண்டா, கொம்பியூட்டரிலை அதைத் திறக்கிற ரகசிய நம்பர் இப்பவும் உன்ரை போனுக்குத்தான் வரும். அந்தப் போனை உன்ரை மனுசி வைச்சிருக்கிறா. போன கிழமை ஆஸ்பத்திரியிலை கேட்டவை, அவவுக்குப் போன் அடிச்சன். கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு நம்பரா வாசிச்சா.

"திறந்திட்டுதோ அண்ணை?"

"ஓம் தங்கச்சி, திறந்திட்டுது."

"சாப்பிட்டிட்டீங்களோ?"

மகள் சொல்லுறாள், "அப்பா, அதை உங்கடை நம்பருக்கு மாத்துவம், ரெண்டு நிமிச வேலை." மாத்தலாம். ஆனா மச்சான், இவன் இந்த நாட்டிலை இருக்கலாமோ எண்டு அவங்கள் ஒவ்வொரு முறையும் உன்னட்டைத்தான் கேக்கிறாங்கள். நீயும் ஒவ்வொரு முறையும் ஓம் எண்டுதான் சொல்லுறாய். அது அப்பிடியே கிடக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன்.