பெல்ட் ரப்பர் போட்ட மூடி

ஜூன் 10, திங்கள்

காலையிலிருந்தே வெயில். கொடியில் போட்ட துணி உடனே காய்ந்தது. காய்ந்த கையோடு நெய்வேலிச் சுரங்கத்துப் பழுப்புத் தூசி. இரண்டு வேட்டியை மறுபடி அலசினேன். பாலும் இன்றைக்கு வெறும் தண்ணீர்.

கடலூர் இன்டர்வியூ வியாழக்கிழமை, காலை பத்து மணி. ஆசிரியை வேலை. பயிற்சி முடித்துவிட்டு வீட்டோடு கிடந்தது போதும். வருகிற ஆவணியோடு வயது வரம்பு தாண்டுகிறது. இதை விட்டால் அவ்வளவுதான்.

பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றேன். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாசலில் காரை வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பஸ்ஸில் அனுப்பினால் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் என்ன பேசுவார்களாம். ஏற்கெனவே என்ன பேசுகிறார்கள் என்பது இவர் காதில் விழவில்லை போலும்.

கார் என்று பேர். நேற்று குறிஞ்சிப்பாடி போவதற்குள் கொதித்து நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் ஆவி, முன்கண்ணாடி முழுக்கத் துருத் தண்ணீர். மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டதாம். துணியைச் சுற்றி அடைத்து, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஊர்வலமாக வந்து சேர்ந்தோம்.

ஜூன் 11, செவ்வாய்

வெயில். தலைவலி.

எதிர் பிளாக் தங்கராசு வந்து பார்த்தார். ஜீப் டிரைவர், பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். மூடியைக் கையில் வாங்கி, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தார்.

"ரப்பரும் போச்சு, ஸ்பிரிங்கும் தொவண்டு போச்சுங்க சார். இத்த வச்சிகினு மல்லுக்கட்டாதீங்க. நாளைக்கு நான் கடலூரு போறேன், புதுசு வாங்கியாரட்டுங்களா?"

வேண்டாம் என்று அனுப்பிவிட்டார் இவர். உள்ளே வந்து என்னிடம் வீராப்பு. சுரங்கத்தில் இத்தனை பம்பைக் கட்டி மேய்க்கிறவனுக்கு ஒரு ரப்பர் வெட்டிப் போடத் தெரியாதா என்று.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது கையில் சுரங்கத்தில் கரி ஏற்றிப் போகிற கன்வேயர் பெல்ட்டின் துண்டு. இந்த ஊரில் பெல்ட் ரப்பர் இல்லாத வீடு ஏது? கால்மிதி அது, செருப்பு அது, கதவுக்கு முட்டு அது. இப்போது ரேடியேட்டருக்கும் அது. விரல் தடிமன். என் அரிவாள்மனையில் வைத்து வட்டமாக வெட்டினார். மனை மழுங்கிவிட்டது. நாளைக்குக் காய் எதில் நறுக்குவது?

அதைப் போட்டதும் மூடி திரும்பவில்லை. அமுக்கி, மரச்சுத்தியால் தட்டித் தட்டித் திருப்பினார். ஆவி மிஞ்சினால் அந்த ஸ்பிரிங் மேலே எழும்பி வெளியே விட வேண்டும். கார் வாங்கிய அன்றைக்கு இவரே சொன்னதுதான். இப்போது அது அசைய இடமே இல்லை. ஆவி எப்படிப் போகும் என்று கேட்டேன். போகக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடு என்கிறார். இட்லிப் பானை மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றேன். இட்லியும் எஞ்சினும் ஒன்றா என்று சிரிப்பு வேறு.

போய்ப் படுத்துவிட்டேன். சாப்பாடு அவரே போட்டுக்கொண்டார்.

ஜூன் 12, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

எடுத்து வைத்தது: சான்றிதழ்கள், கடிதம், பேனா, மை நிரப்பியாயிற்று. வெளிர்நீலக் கைத்தறிப் புடவை, இஸ்திரி போட்டது. தயிர்சாதம் காலையில்.

இவர் காரில் பிளாக்கை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தார். ஒரு சொட்டு வெளியே வரவில்லையாம். முகத்தில் அப்படி ஒரு பெருமை. வரும்போது மல்லிகைப்பூ வேறு.

கடைசியாக ஒரு தடவை பஸ் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ கார்ல போய் இறங்கணும் அம்புஜம். வீட்டுக்காரர் கொண்டாந்து விட்டார்னு நாலு பேர் பாக்கணும்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 13, வியாழன்

காலையில் ஏழுக்குக் கிளம்பினோம். குறிஞ்சிப்பாடி வரை இவர் வாயில் பாட்டு. ஊர் தாண்டியதும் முன்னால் டப்பென்று சத்தம். ரேடியேட்டரின் மேல் ரப்பர்க் குழாய் நீளவாக்கில் கிழிந்து, தண்ணீர் அத்தனையும் ரோட்டில். மூடி மட்டும் அசையவில்லை. கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

கைக்குட்டையைச் சுற்றினார், சணலைச் சுற்றினார், வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். ஊற்றியது ஊற்றியபடி கீழே. ஒரு பஸ் வந்தது. ஐந்து நிமிஷம், சரியாகிவிடும் என்றார். நம்பி அதை விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அடியில முட்டற ஊத்துத் தண்ணிய பம்ப் போட்டு வெளிய விடலன்னா சுரங்கத்துத் தரையே பொளந்துடும்னு எனக்குச் சொன்னது நீங்கதானே?" என்று கேட்டேன். மறுபடி வாய்க்காலுக்குப் போனார்.

அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம். வந்ததும் நானே கை காட்டி நிறுத்தினேன்.

"வண்டிய நடுரோட்ல விட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்றார்.

"உங்கள யாருங்க கூப்பிட்டது?"

ஏறிவிட்டேன். கண்டக்டர் இடம் பார்த்துக் கொடுத்தார்.

கடலூர் போய்ச் சேரப் பதினொன்று ஆகிவிட்டது. பெயர் வரிசைப்படி கூப்பிட்டிருக்கிறார்கள். என் பெயர் முதலிலேயே. இரண்டு தரம் கூப்பிட்டார்களாம். குமாஸ்தா நல்ல மனுஷர், உள்ளே போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தார். அடுத்த தடவை பார்க்கலாம் அம்மா என்றார். எனக்கு அடுத்த தடவை ஏது? அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். நாலு பேர் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். குறிஞ்சிப்பாடி வருவதற்கு முன்னால் கார் நின்ற இடம். இவர் கார் நிழலில் உட்கார்ந்து, மூடியிலிருந்து ரப்பரை நெம்பிக்கொண்டிருந்தார்.

"அதோ, உங்க வூட்டுக்காருதானுங்களே? இன்னும் அங்கியே குந்திகினு கீறாரு. நிறுத்தட்டுங்களா?"

பஸ் வேகம் குறைந்தது. இவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"வேணாங்க. நான் நெய்வேலிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்" என்றேன்.