நைனா ஒத்துக்காத சிமெண்ட்

சேக்காடு,
ஞாயிற்றுக்கிழமை

ஓசூரில் புதுக்குடித்தனம் நடத்தும் சௌம்யா அக்காவுக்கு, உன் வாலு தங்கச்சி சுவேதா வணக்கம் வைத்து எழுதுவது. வணக்கத்தில் பாதியை ரசாக் மாமாவுக்குப் பிரித்துக் கொடு.

நீ போன மறுநாளே நைனா வீட்டிலிருக்கிற ரெண்டு போனிலும் உன் நம்பரை ப்ளாக் செய்துவிட்டார். அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம். உன் ஃப்ரெண்டு நிஷாவிடம் கெஞ்சி விலாசம் வாங்கினேன்.

அம்மா நலம். நானும் நலம், கணக்குப் பாடம்தான் என்னால் நலமில்லை. நைனாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருக்கும்போது வெறும் அரிப்பாக இருந்ததே, இப்போது விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் வடிகிறது. ரேஷன் கடை மிஷினில் ரேகையே விழவில்லை. "கவர்மெண்டே என்ன ஒத்துக்கலடி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி ரசம் சோற்றைப் பிசையும்போது பல்லைக் கடித்தார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா, எது ஒத்துக்கவில்லை என்று பார்க்க ஒரு டெஸ்ட் வைத்தார். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வில்லைகள் ஒட்டினார்கள். ஒன்றில் சிமெண்டில் இருக்கிற குரோமிய உப்பு, ஒன்றில் நிக்கல், ஒன்றில் கையுறை ரப்பர், இப்படி. அயனம்பாக்கம் ஃப்ளாட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டினவர் முதுகிலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள் என்றேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

திங்கள் ஒட்டினது, புதன் பிரித்தார்கள். முதுகு சுத்தமாக இருந்தது. பேனாவால் கட்டம் மட்டும் போட்டுவிட்டு, "இது உடனே வர்ற அலர்ஜி இல்ல, மெதுவாத்தான் வரும், வெள்ளிக்கிழமை கண்டிப்பா வந்து காட்டணும்" என்றார் டாக்டரம்மா. நைனா காதில் முதுகு சுத்தம் என்பது மட்டும்தான் விழுந்தது. வழியெல்லாம், "பார்த்தியா, முப்பது வருசமா ஒத்துக்கின சிமெண்டு இப்ப ஒத்துக்காதா?" என்று ஒரே பெருமை.

வியாழன் சாயங்காலம் சட்டையைக் கழற்றினார். ஒரு கட்டத்தில் மட்டும் சிவந்து, கடுகு கடுகாய்க் கொப்புளம். அம்மா பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா வந்துட்டாளாம்! முதுகு முழுக்க மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, வாசலில் வேப்பங்கொத்து சொருகிவிட்டாள். "அம்மா, இது அம்மை இல்ல, டெஸ்ட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "போன வருசம் பரீட்சைக்குப் பயந்து செவப்புப் பேனாவுல ஆத்தாள வரவெச்சவதானே நீ, வாய மூடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை, ஆத்தா இருக்கிற உடம்போடு படி தாண்டக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "பொண்ணு வேற சாமி கும்பிடற ஊட்டுக்குப் போனா, ஆத்தா சும்மா இருப்பாளா?" என்று உன்னை இழுத்தாள். வேப்பிலைமேல் குப்புறப் படுத்திருந்த நைனா, தலையைத் தூக்காமலே, "ஆத்தா எம்மேலதானே வந்துகீறா. பொண்ண எதுக்கு இழுக்கற?" என்றார். நீ போனதிலிருந்து அவர் உன்னைப் பற்றிப் பேசின முதல் வார்த்தை இதுதான். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றின மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். மஞ்சள் பூசுவதற்கு முன்னாடி நான் எடுத்த போட்டோவைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். சிவந்தது குரோமிய உப்புக் கட்டம்தான் போலிருக்கிறது, ஆனால் போட்டோவைத் தடவிப் பார்த்து முடிவு சொல்ல முடியாது, முதுகு ஆறினதும் மறுபடி ஒட்டவேண்டும் என்றார். சிமெண்ட்தான் என்று உறுதியானால் ஈரச் சிமெண்டை அவர் தொடவே கூடாது, தொட்டுக்கொண்டே இருந்தால் கை எதற்குமே உதவாமல் போய்விடும் என்றும் சொன்னார். அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்.

நைனா வரமாட்டேன் என்கிறார். "வந்தது ஆத்தா, எறங்கிட்டா, அவ்ளோதான்" என்கிறார். அவருக்குச் சிமெண்ட் ஒத்துக்கவில்லை, அதை அவர் ஒத்துக்கவில்லை. கொத்தனார் இல்லையென்றால் தான் யார் என்று பயப்படுகிறார் போல. நான் சொன்னால் விளையாட்டு. அம்மா சொன்னால் ஆத்தா. நீ அட்டையைப் படித்துச் சொன்னால்தானே அவர் மாத்திரையையே வாயில் போடுவார்?

அந்தத் திங்களுக்கு முன்னாடி வா அக்கா. மாமாவோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. நீ வாசலில் நிற்கும்போது நைனா முகத்தில் ஒன்றும் தெரியாது. வா என்றும் சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார், டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு, கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விடாதே. சத்தியமாக இது விளையாட்டில்லை.

நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும். ரெண்டு நாள் இங்கே இருந்தால் நைனாவும் நல்லா இருப்பார்.

உன்,
சுவேதா