பஞ்சு மாமாவின் தட்டு

கண்ணம்மா,

“பஞ்சு மாமா என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாரு. யார்கிட்டயும் சொல்லாதப்பா” என்றாய். தலையாட்டிவிட்டு, நீ சொன்ன மடிந்த காது முதற்கொண்டு அவரை அப்படியே வரைந்து என் கார்ட்டூன் படத்தில் விட்டேன். கடைசியில் அவர் மறைந்துபோனால்தான் ஜனங்கள் அழுவார்கள் என்றார் தயாரிப்பாளர். மறைய வைத்தேன். தியேட்டரே அழுதது. நீ மட்டும் அழாமல், “அதான் மாமா இப்ப வர்றதில்லையாப்பா?” என்று கேட்டாய்.

மறுவாரம் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டே போய்விட்டாள். ஏனென்று உன்னிடம் சொல்லியிருப்பாள். என் ஃபோனை அவள் எடுப்பதில்லை.

நீ வைப்பதுபோலவே மூன்று வேளையும் மாமாவுக்குத் தட்டு வைக்கிறேன். வெட்கத்தை விட்டு அந்தக் காலி நாற்காலியிடம் கெஞ்சியும் பார்த்துவிட்டேன். அவர் வந்தால் நீயும் வருவாய் என்று ஒரு நப்பாசை. சாப்பாடு காய்ந்துபோகிறது. என்னால் முடியவில்லையம்மா. அவர் வராவிட்டால் போகிறார், நீயாவது வா.

இனி எதையும் யாரிடமும் சொல்லாத
உன் அப்பா